சந்தனப் பொட்டும் இரண்டு புள்ளிகளும்

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போதே நான் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். காம்பஸ் இல்லாமல், சாக்பீஸை ஒரே சுழற்று சுழற்றி வட்டம் போடுவேன். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடியும். புதிதாக வந்த பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அந்த வாயைப் பார்ப்பதற்காகவே வருடத்தில் நாலைந்து வட்டம் அதிகமாகப் போடுவேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவளின் கரும்பலகையின் பாதி மேலேயே தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்று ஆளை அனுப்பி, துளை போட்டு, இவ்வளவு பெரிய ஒரு திரையை மாட்டிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஆயுத பூஜையைச் சும்மா கும்பிட்டுவிட்டு விடுவதில்லை. கம்பெனிகளில் லேத்து மெஷின் முதல் வாசலில் நிற்கும் லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டும் மாலையும் உண்டு. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். ஆகவே பள்ளியிலும் பூஜை அமர்க்களமாக நடக்கும். கம்ப்யூட்டர், அறிவியல் கூடத்துத் தராசு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டை விட முடியுமா? அதற்குப் பொட்டு வைத்தவள் நான்தான். பிடிக்காத விருந்தாளியானாலும் வந்தவருக்குக் குங்குமம் கொடுக்கத்தானே வேண்டும். மேல் சட்டத்தில் ஒன்று, இடப்பக்கச் சட்டத்தில் ஒன்று. வலப்பக்கம் அலமாரி இடித்ததால் விட்டுவிட்டேன். எனக்குக் கை தாராளம். சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

விடுமுறை முடிந்து வந்தால் போர்டுக்குப் பேய் பிடித்திருந்தது. யாரும் தொடாமலேயே தானாக அமுக்கிக்கொண்டது. படம் திறந்தால் மூடிவிடும், மூடினால் வேறொன்றைத் திறக்கும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மாட்டிவிட்டுப் போன ஆளுக்குத் தலைமையாசிரியர் போன் செய்தார்; வருகிறேன் என்றவர் வந்தபாடில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சாக்பீஸுக்குப் பேய் பிடிக்காது பார் என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மெல்லக் கற்போர் பட்டியலைக் கொடுத்திருந்தேன். பத்தாம் வகுப்பு டீச்சர்களுக்கு இந்தப் பட்டியல் பழகின விஷயம். அதில் பெயர் ஏறிய பிள்ளைக்குப் புத்தகம் முழுக்க நடத்த மாட்டோம். செய்முறை வடிவியல் ஒரு எட்டு மதிப்பெண், வரைபடம் ஒரு எட்டு மதிப்பெண், அதோடு கொஞ்சம் ஒரு மதிப்பெண் கேள்விகள். இதையே திரும்பத் திரும்பப் போடவைத்து முப்பத்தைந்தைத் தாண்டவைத்துவிடுவோம். பிள்ளை பாஸ். பள்ளிக்கு நூறு சதவீதம். ஆனால் அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவைக் கேட்டு வந்து நிற்க முடியாது. அந்தக் கதவை நாங்களே அக்டோபரில் சாத்திவிடுகிறோம். இருபத்திரண்டு வருடமும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சாத்தினேன்.

அந்த வருடம் பட்டியலில் ஏழாவதாக இருந்தவள் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லைக்குள் தெலுங்கு வழியில் எட்டாவது வரை படித்துவிட்டு எங்களிடம் ஒன்பதாவதில் சேர்ந்தவள். அம்மாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்ததால் குடும்பம் இடம் மாறியிருந்தது. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு. கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். காலாண்டு விடைத்தாளில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று. நான் கூட்டலைச் சரிபார்த்துவிட்டுப் பட்டியலில் எழுதினேன், அவ்வளவுதான்.

நவம்பர் மழையில் ஒரு நாள். இருபடிச் சமன்பாட்டு வரைபடம் நடத்த வேண்டும். கரும்பலகையில் அச்சு வரைந்து, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவை இழுப்பதற்குள் ஒரு பீரியடு போய்விடும். அன்று இருட்டிக்கொண்டு வந்ததில் பலகையும் சரியாகத் தெரியவில்லை. சரி, இந்தச் சனியனைத்தான் ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று போர்டைப் போட்டேன். ஆசிரியர் பயிற்சியில் காட்டிய ஒரு வரைபடச் செயலியைத் திறந்தேன். திறந்த கையோடு பேய் அதை மூடியது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அணைக்கப் போனேன்.

ஜன்னலோரத்திலிருந்து அவள் எழுந்து நேராகப் போர்டுக்கு வந்தாள். போய் உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"மிஸ், பேயெல்லாம் ஒண்ணுமில்ல. அது எப்பவும் ஒரே எடத்துலதான் குந்திக்கினு அமுத்துது. பாருங்க," என்றாள்.

அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தாள். அங்கிருந்து செங்குத்தாக மேலே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். எக்கி நின்று சட்டத்தைத் தொட்டாள். விரல் போய் நின்றது என் சந்தனப் பொட்டில். மறுபடி அதே இடத்துக்கு வந்து, இந்த முறை இடப்பக்கமாகப் படுக்கையில் ஓட்டினாள். அதுவும் போய் நின்றது இன்னொரு பொட்டில். வகுப்பு சிரிப்பதை எப்போது நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது.

துப்பட்டா நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, சட்டத்தின் உள்விளிம்பில் வழிந்து காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு பேய் போய்விட்டது. பிறகு ஒரு நாள் வந்த மெக்கானிக் சொன்னார்: சட்டத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒளி மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் ஓடுமாம், விரல் இரண்டையும் மறைக்கும் இடத்தைத்தான் தொட்ட இடமாகப் போர்டு எடுத்துக்கொள்ளுமாம். மேல் பொட்டு ஒன்றை மறைத்திருக்கிறது, பக்கப் பொட்டு இன்னொன்றை. யாரும் சொல்லித்தராமல் அவள் கண்டுபிடித்தது இதைத்தான்.

ஒரு புள்ளிக்கு எக்ஸ் என்று ஒரு தூரம், ஒய் என்று ஒரு தூரம். ஒன்பதாவதில் இதை அவளுக்கு நான்தான் நடத்தினேன். அந்தத் தேர்விலும் பாதித் தாளை வெறுமையாக விட்டவள், இப்போது என் கண் முன்னால் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு இரண்டு அச்சுக்கும் போய்வந்திருக்கிறாள். நான் ஒரு மாதமாக அந்தப் போர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. நீயே நடத்து என்று செயலியைத் திறந்து கொடுத்தேன். திரையின் ஓரத்தில் சிறு கம்பியும் அதில் கோத்த மணியும் மாதிரி ஒன்று இருக்கும். மணியை இழுத்தால் சமன்பாட்டில் எண் மாறும். எண் மாறினால் வளைவும் மாறும். பரவளையம் எக்ஸ் அச்சை இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொண்டு நின்றது. அவள் மணியை மெல்ல இழுத்தாள். வளைவு மேலே ஏறியது. இரண்டு புள்ளிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. இன்னும் இழுத்தாள். இன்னும் நெருங்கின. ஒரு கணம் இரண்டும் ஒரே புள்ளியாகி, வளைவு அச்சைத் தொட்டுக்கொண்டு நின்றது. அடுத்த இழுப்பில் வளைவு அச்சை விட்டு மேலே போய்விட்டது. புள்ளிகளைக் காணோம்.

பின்பெஞ்சில் ஒருவன் மெதுவாக, இன்னொரு வாட்டி என்றான். அவள் மறுபடி இழுத்தாள். அதை எத்தனை முறை பார்த்தோம் என்று நான் எண்ணவில்லை. மூன்று வகைச் சமன்பாடு, மூன்று வகை விடை, மூன்று தனித்தனிப் படம் என்றுதான் நான் படித்தேன், அப்படியேதான் நடத்தினேன். முதுகலையில் பதக்கம் வாங்கியவள் நான். மூன்றும் ஒரே வளைவின் ஒரே நடை என்பது தெரியும்தான், ஆனால் அந்த நடையை நான் கண்ணால் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த ஒன்றை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் கேட்டாள்: "அந்த ரெண்டு புள்ளியும் எங்க மிஸ் போச்சு?"

எனக்குப் பதில் தெரியும். அது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. மெய்யான மூலங்கள் இல்லை என்று எழுதினால் போதும், முழு மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தத் தலையாட்டல் என்னை என்னவோ செய்தது.

அன்று மதியம் அவள் காலாண்டு விடைத்தாளைத் தேடி எடுத்தேன். வெறுமையாக விட்டதெல்லாம் நாலு வரி, ஐந்து வரி வாக்கியக் கணக்குகள். எண்ணும் குறியும் மட்டும் இருந்த கணக்கு ஒன்றுகூடத் தப்பில்லை. இத்தனை நாள் அந்தத் தாள் என் அலமாரியில்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தமிழு எழுத்துக் கூட்டிக் கூட்டிதான் மிஸ் படிப்பேன். கேள்வி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுடுது," என்றாள். தப்பு செய்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். குனிய வேண்டியது யார் தலை என்று எனக்குத் தெரிந்தது.

தலைமையாசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் சதவீதம் என்றால் அவருக்குத் தூக்கம் வராது. பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிடுகிறேன், முழுப் புத்தகமும் நடத்தப் போகிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"லிஸ்ட்டு மேல போயிடுச்சு டீச்சர். வாக்கியக் கணக்குல மாட்டிக்கினு அந்தப் பொண்ணு பெயிலாச்சுன்னா, நீங்கதான் பதில் சொல்லணும்," என்றார்.

சொல்கிறேன் என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேன்; வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். பாஸாகியிருக்க வேண்டிய பெண்ணை நான் கெடுத்துவிட்டால்?

மறுநாளிலிருந்து, அதுவரை பேசுவதற்கு மட்டுமே எடுத்த என் செல்போன்தான் கைகொடுத்தது. புத்தகத்தில் இருக்கும் வாக்கியக் கணக்குகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்துப் பதிவு செய்து அவள் அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். என் குரல் ஓட ஓட அவள் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். ஷிப்டு முடிந்து வரும் அம்மாவும் அடுப்படியிலிருந்து கேட்பாராம். ஒரு நாள் பள்ளி வாசலில் பார்த்தபோது, உங்க குரல் கேட்காம எங்க ஊட்ல இப்ப சோறு வேகறதில்ல டீச்சர் என்று சிரித்தார். ஜனவரியில் என் குரலுக்கு முன்னால் அவள் விரல் ஓடியது. பிப்ரவரியில் குரலை நிறுத்திவிட்டோம்.

பொதுத்தேர்வில் அவள் நூறு வாங்கவில்லை. வாங்கினாள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுபத்தெட்டு. கணக்குப் பிரிவில் சேர அது போதும். சேர்க்கை விண்ணப்பத்தில் பிரிவின் பெயரை அவளே எழுத்துக் கூட்டாமல் படித்து எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு அவள் மேல் மாடிக்கு, மேல்நிலை வகுப்புகளுக்குப் போய்விட்டாள். எப்போதாவது படிக்கட்டில் வணக்கம் சொல்லுவாள். இந்த அக்டோபரில் ஒரு நாள் இடைவேளையில் மூச்சிரைக்க ஓய்வறைக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கையில் இருந்தது, எண்கோட்டுக்கு வெளியே இருக்கும் எண்களைச் சொல்லும் கலப்பெண்கள் பாடத்தில் விரலை அடையாளமாகச் செருகியிருந்தாள்.

"மிஸ், அன்னைக்கு கேட்டேனே, அந்த ரெண்டு புள்ளி. அது எங்கயும் போகல மிஸ். இருக்குது. நாமதான் அந்தக் கோட்டு மேலயே தேடிக்கினு இருந்தோம்."

ஆமாம் என்றேன். மணி அடித்தது. அவள் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள்.

என் மேஜையில் இந்த வருடத்து மெல்லக் கற்போர் பட்டியல் இருந்தது. பதினோரு பெயர்கள். அன்று காலைதான் எழுதி முடித்திருந்தேன். அவள் விஷயத்துக்குப் பிறகு ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்தப் பதினொன்றையும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். அடுத்த பீரியடு எனக்கு வகுப்பு இல்லை. அலமாரியைத் திறந்து, கட்டி வைத்திருந்த விடைத்தாள்களை எடுத்து, முதல் பெயரிலிருந்து பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.