கிரானைட்டில் ஒயர்

ஃபைஸுக்கு லாட்ஜ் முதலாளிகளைக் கண்டால் குமட்டிக்கொண்டு வரும். ஆனால் பிழைப்பே அவர்களிடம்தான். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலை வரை பாதி லாட்ஜுகளுக்கு வைஃபை பெட்டி மாட்டியது அவன்தான். மத்தியானம் என் செல்போன் கடைக்கு வந்து டீ குடித்தபடி அவர்களைத் திட்டுவான். நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். எங்கள் சிநேகம் வளர்ந்தது இப்படித்தான்.

அந்தப் பெட்டியில் அலைவரிசைக்கு அகலம் வைக்கலாம். இருபது என்றால் குறுகல், நாற்பது என்றால் அகலம். ஆளில்லாத நாளில் நாற்பது பறக்கும். பௌர்ணமியன்று எல்லா லாட்ஜும் நாற்பதில் இருந்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு எதுவும் நகராது. கிரிவலக் கூட்டத்தில் ஒரு குடும்பம் கைகோத்துப் பக்கவாட்டில் பரவி நடந்தால் என்ன ஆகும், அதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் முதலாளிகளுக்கு ஒரே பதில்தான்: நமக்கு ஃபுல்லா வையி.

ராஜமாணிக்கம் அதில் ஒரு படி மேல். அவர் லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருந்தவள் மணிமொழி. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கூட்ட நாளில் வைஃபை திணறும்போது ஆன்லைனில் பதிவான அறை அவள் கம்ப்யூட்டருக்குத் தாமதமாக வந்து சேரும். அதற்குள் எதிரில் நிற்பவருக்கு அவள் சாவியைக் கொடுத்திருப்பாள். ஒரு பௌர்ணமியில் இப்படி ஆகிப் பெரிய சண்டை. இன்னொரு தரம் நடந்தால் வீட்டுக்குப் போய்விடு என்று ராஜமாணிக்கம் சொல்லிவிட்டார்.

ஃபைஸைக் கூப்பிட்டார்கள். அவன் அகலத்தை இருபதாகக் குறைத்தான். அதோடு பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் அக்கம்பக்கத்து லாட்ஜ் எப்படி இருந்தாலும் கவலையில்லை என்றான். ராஜமாணிக்கம் சுவரைத் தடவிக் காட்டினார்.

"புது கிரானைட்டு பாய். இதுமேல ஒயரு ஓடுனா அசிங்கமா இருக்காது?"

அகலமாவது இருபதில் இருக்கட்டும் என்று கெஞ்சிவிட்டு வந்தான். அன்று சாயங்காலமே மனிதர் செல்போனில் வேகம் பார்த்திருக்கிறார். நம்பர் கம்மியாகக் காட்டவும், ஆப்பைத் திறந்து தன் கையாலேயே நாற்பதுக்கு மாற்றிவிட்டார்.

ஐப்பசி பௌர்ணமி வந்தது. ஏற்கெனவே வேறொருவருக்குச் சாவி கொடுத்த அறைக்கே பதிவுச் சீட்டைக் காட்டிக்கொண்டு பெங்களூர்க் குடும்பம் ஒன்று வந்து நின்றது. நடக்க முடியாத அம்மாளைப் படியில் உட்கார வைத்துவிட்டு மகன் கத்தினான். அத்தனை பேர் முன்னாலும் ராஜமாணிக்கம் மணிமொழியை வேலையை விட்டுப் போகச் சொன்னார். தகவல் தெரிந்து ஃபைஸ் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தான். நாற்பது. மாற்றியது நீங்கள்தானே என்று அவரிடமே கேட்டான்.

"அது மெஷின் சமாச்சாரம் பாய். பாத்து நடந்துக்க வேண்டியது அவதான?"

மணிமொழி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாளாம். இதைச் சொல்லும்போது ஃபைஸ் டீயைத் தொடவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால், நெட் திணறுகிறது என்று அந்த லாட்ஜிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அவன் போனது புதிதாக வந்திருந்த அபிநயாவுக்காக. அவளும் அதே கம்ப்யூட்டர் முன்னால், அதே பயத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஃபைஸ் சுவரைப் பார்த்தான். கிரானைட் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி சீரியல் லைட். பச்சையும் கறுப்புமாக ஒயர் மேலும் கீழும் தொங்கியது. எப்படி இருக்கு பாய் என்று ராஜமாணிக்கம் பெருமையாகக் கேட்டார்.

ஃபைஸ் மேஜைக்குப் பின்னால் போனான். யாரிடமும் கேட்காமல் பையிலிருந்து ஒயரை எடுத்தான். அந்த லைட் ஒயர்ப் புதருக்குள்ளேயே பெட்டியிலிருந்து இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகினான். எது லைட் ஒயர், எது நெட் ஒயர் என்று முதலாளிக்கே தெரியவில்லை. ஒரு டீ குடிக்கிற நேர வேலை.

தீபக் கூட்டம் முழுக்க ஒரு அறைகூட இரண்டு பேருக்குப் போகவில்லை.

போன வாரம் ராஜமாணிக்கம் தன் போனுக்குக் கண்ணாடி ஒட்ட என் கடைக்கு வந்தார். ஃபைஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். லாட்ஜ் எப்படிப் போகிறது என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"இப்போ பிரச்சினையே இல்லீங்க. புதுப் பொண்ணு கெட்டிக்காரி. பழசுக்குத் தெறமை பத்தல."

ஃபைஸ் எழுந்தான். டீ கிளாஸை மேஜையில் வைத்தான். வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் காறித் துப்பினான். ராஜமாணிக்கம், ஈ விழுந்திருந்ததா பாய் என்று கேட்டார்.