பொம்மை பாடிய ஒன்பது நாட்கள்

பிரசவ விடுப்பு முடிந்து, தேவிகா கானாடுகாத்தான் விடுதியில் வரவேற்பு வேலைக்குத் திரும்பியபோது மகன் அக்ஷய்க்கு ஆறு மாதம். பகலில் கீழச்சிவல்பட்டி வீட்டில் அவனைப் பார்த்துக்கொண்டவள் கணவனின் அண்ணன் மனைவி அகல்யா. சிறுவயதுக் காய்ச்சலில் அகல்யாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. உரக்கச் சொன்னால்தான் கேட்கும். அதனால் பகலில் அந்த வீட்டில் டிவி ஓடாது.

சாயங்காலம் தேவிகா வந்து பிள்ளையைத் தூக்கினால் அவன் கண் அகல்யாவைத்தான் தேடும். அவள் வெண்டைக்காய் நறுக்கினாலும் அந்த விரல்களையே பார்த்திருப்பான். தேவிகாவுக்கு வயிறு எரியும். கிலுகிலுப்பையை ஆட்டுவாள், போனில் பாட்டு வைப்பாள், டிவியும் ஓடும். அவன் எங்கோ பார்ப்பான்.

பிள்ளை தன் முகத்தையே பார்ப்பதில்லை என்று, தடுப்பூசி போட வந்த நர்ஸிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

“எந்நேரமும் சத்தமா வச்சிருக்கீகளா? அப்பப் பிள்ளையோட கவனமெல்லாம் காதுக்குப் போயிரும். கண்ணு முன்னால இருக்கறது மனசுல ஏறாது. எல்லாத்தையும் நிறுத்திட்டு, முகத்தைக் காட்டிப் பேசுங்க,” என்றார் நர்ஸ்.

அன்று டிவியை அணைத்தாள். அவன் அவள் மூக்கையும் பொட்டையும் வெகுநேரம் பார்த்தான். அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் காரைக்குடியில் பாட்டுப் பாடும் பேட்டரிப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தாள்.

“அக்கா, பகல்ல இது ஓடிக்கிட்டே இருக்கட்டும். பிள்ளை அழுகமாட்டான்.”

அகல்யாவுக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை. பொம்மை பாடும்போது எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்து, அணைந்தால் மறுபடி போட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் தேவிகா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அகல்யா எதிரே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நாளைக்கு லீவு போட்டுட்டு வா. பிள்ளையைக் கண் டாக்டர்ட்ட காட்டிருவோம். நாலஞ்சு நாளா என் மூஞ்சிய நிலைச்சுப் பாக்க மாட்டேங்குறான். பார்வையில கோளாறோன்னு எனக்குச் சோறு இறங்கல.”

என்னை மறந்துவிட்டானே என்று அகல்யாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அதுதான் தேவிகாவைச் சுட்டது. பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அகல்யாவின் காதருகே குனிந்தாள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா. இந்தச் சத்தம்தான் கெடுத்திருக்கு. நான் வாங்கியிருக்கக் கூடாது.”

பாதி உண்மை. அகல்யா அதை முழுசாக நம்பினாள். “நீ நல்லதுக்குத்தான வாங்குன,” என்றாள்.

நாலே நாளில் அக்ஷய் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தான். வேலைக்குக் கிளம்பிய தேவிகா அதைக் கவனித்தாள். பொறாமை ஒன்றும் போய்விடவில்லை. “பால் புட்டி அடுப்படியில இருக்குக்கா,” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.