கழுத்து வழியே போன ஊசி

என் மனைவியின் கண்கள் மஞ்சளாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. வேங்கிக்காலில் எங்கள் தெருமுனை லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக வந்தன. வயிறு வீங்கியது. பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே வெகு நேரமானது. எங்கள் ஊர் டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் தம்பி கார் ஓட்டி வந்தான்.

அங்கே கல்லீரலுக்கான டாக்டர் ஓர் இளம் பெண். முதல் நாளே கேட்டார். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லீங்க" என்றாள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய முழங்கால் வலிக்காகக் கிரிவலப் பாதையில் ஒருவரிடம் பொடி வாங்கிவந்து, இரண்டு மாதம் தினமும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தவன் நான்தான். கசக்கிறது என்று அவள் முகம் சுளித்தபோதெல்லாம் வற்புறுத்திக் குடிக்க வைத்தவனும் நான்தான்.

காரணம் பிடிபடாததால், கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"வயித்துல நேரா ஊசி போட முடியாது. ரத்தம் உறையறது கம்மியா இருக்கு, தண்ணியும் ஜாஸ்தியா கோத்திருக்கு. அதனால கழுத்து ரத்தக்குழாய் வழியா, இதயத்தைத் தாண்டி கல்லீரலுக்குப் போவோம். அப்ப ரத்தம் கசிஞ்சாலும் பெரும்பாலும் குழாய்க்குள்ளயே போயிடும்."

"பெரும்பாலும்னா?" என்று கேட்டேன்.

டாக்டர் ஒப்புதல் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "கழுத்துல ரத்தம் கட்டலாம். இதயத் துடிப்பு தாறுமாறா ஆகலாம். ரொம்ப அபூர்வமா, ஊசி கல்லீரலோட மேல்தோலைத் துளைச்சிட்டா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டும். அது உயிருக்கே ஆபத்து. சொல்லணும், அதனால சொல்றேன்."

பொடியைப் பற்றிச் சொன்னால் இந்த ஊசி தேவைப்படாமல் போகுமோ என்று தோன்றியது. மச்சினன் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை கழுத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் கழுத்தில் பிளாஸ்திரியோடு வெளியே வந்தாள். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுன மாதிரி இருந்துச்சி. அசையாதீங்கன்னாங்க" என்றாள். சிரிக்கக்கூட முயன்றாள்.

மூன்று மணி வாக்கில் வலது தோள் வலிக்கிறது என்றாள். ஒரே பக்கமாகப் படுத்ததால் இருக்கும் என்று நான் பிடித்துவிட்டேன். அவள் தோள் சில்லென்று வியர்த்திருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் அதுவரை பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தினார். இன்னொரு முறை பார்த்தார். "தோள் எப்பத்துலேர்ந்து வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார்.

ஸ்கேனில், வயிற்றுக்குள் ரத்தம். அதன் வலிதான் தோளில் தெரிந்ததாம்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் வந்த டாக்டரை வராந்தாவில் மறித்து, பொடியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னா மாமா சொல்றீங்க?" என்றான் மச்சினன்.

டாக்டர் ஒரு கணம் நின்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா இந்தத் துணுக்கை எடுக்காமலும் இருந்திருக்கலாம். எடுத்தும் இருக்கலாம். எனக்குத் தெரியல சார்." கதவு மூடிக்கொண்டது.

தொடை வழியாக ஒரு குழாய் விட்டு, கசிந்த இடத்தை அடைத்தார்கள். மச்சினன் ரத்தம் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துத்தான் அவளிடம் பேச விட்டார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

எடுத்த துணுக்கும் மருந்தால் வந்த சேதம் என்றே சொன்னது. கண்ணின் மஞ்சள் வடிய நான்கு மாதம் ஆனது. உயிர் பிழைத்தாள். மச்சினன் அவளிடம் போனில் பேசுகிறான், வீட்டுக்கு வருவதில்லை. மாத்திரை அட்டையை நான் நீட்டினால் அவள் வாங்கிக்கொள்கிறாள். ஜன்னலோரம் போய்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்க்கிறாள். பிறகுதான் போட்டுக்கொள்கிறாள்.