சந்தோஷத்தில் விழும் குட்டி

எங்கள் லேப்ரடார் நாயும் அறந்தாங்கியில் என் மனைவியின் அண்ணன் வளர்த்த பெட்டையும் ஒரே ஈற்றில் பிறந்தவை. "வெளியில எதுக்கு மச்சான் அலையணும்? ரெண்டையும் சேத்துவிட்டா ரத்தம் கலக்காம இருக்கும்" என்றார் அவர். நானும் பெரிய மேதாவிபோலத் தலையாட்டினேன். பிறந்த குட்டிகளில் ஒன்றை மணமேல்குடிக்கு எடுத்து வந்தேன்.

இரண்டு மாதத்தில் ஒரு நாள் குட்டி மீன் சோற்றைக் கண்டு துள்ளியது. துள்ளிய வேகத்தில் பின்னங்கால்கள் மடங்கி, தட்டிலேயே முகம் புதைய விழுந்தது. வலிப்பு என்று நினைத்து என் மனைவி இரும்புச் சாவிக்கொத்தை அதன் காலிடுக்கில் திணித்தாள். அரை நிமிடத்தில் எழுந்து மீதிச் சோற்றைத் தின்றது. பெருமையெல்லாம் சாவிக்குப் போனது. வாரத்துக்கு ஒரு முறை விழுந்தது, பிறகு நாளுக்கு இரண்டு முறை என்று ஆனது. நாங்களும் சாவியோடு ஓடிக்கொண்டிருந்தோம்.

கால்நடை மருத்துவர் என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்தார். "கண்ணு முழிச்சுத்தானே இருக்கு? இது வலிப்பில்லைங்க, தூக்க நோய். சந்தோஷம் வந்தா ஒடம்பு தளந்துரும். தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் மறைஞ்சு கெடந்த குறை இதுல சேந்துருச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. வளர்ற வரைக்கும் கூடும், அப்பறம் ஒரு அளவுல நின்னுரும்" என்றார். வெளியே வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டுக் கத்தினேன். தலையாட்டியது நான்தான் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

சோற்றைவிட அதற்கு அதிகச் சந்தோஷம் என் பைக் சத்தம். ஒரு மாலை கேட்டைத் தாண்டி ஓடி வந்து, ரோட்டில் என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. மறுநாள் முதல் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள்ளும் அதைக் கூப்பிடுவதில்லை, முகம் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து நேராக அதன் முன்னால் நின்றேன். வாலைக்கூட ஆட்டாமல் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. விழவில்லை. இதற்குத்தான் இத்தனை பாடும். ஆனாலும் என்னால் தாங்க முடியவில்லை.

கேட்டைப் பூட்டினேன். முற்றத்தின் மறுகோடியில் உட்கார்ந்து, "வாடா" என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓடி வந்து பாதி வழியில் மடங்கி விழுந்தது. நான் எழுந்து போய் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அசைய முடியாமல், கண்ணை மட்டும் திறந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.