பதினான்கு சத்தங்களுக்கு அடியில்

புதன்கிழமை காலையில் சென்னையிலிருந்து அந்தப் பெண் போனில் பேசியதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். மொபைல் விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சத்தங்களுக்கு அவர்தான் பொறுப்பு. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். காய்கறிக்கடை விளையாட்டு ஒன்றுக்குப் பதினான்கு சத்தங்கள்: தக்காளியைத் தொட்டால் ஒன்று, கூடை நிறைந்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. அனுப்பியிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு இரைச்சல் கிடக்கிறது என்றார். விரல் படும்போதெல்லாம் யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோல் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். நான் மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். போன வருடம் நான் வகுப்பில் நின்ற நேரத்தில் அம்மை தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து, இரண்டு மணிநேரம் ஈரத்திலேயே கிடந்தாள். அண்ணன் கத்தாரில், வீட்டில் வேறு ஆள் கிடையாது. அந்த வாரமே பள்ளிக்கூடத்தை விட்டேன். பகலில் அம்மையின் கண்ணெதிரே இருந்து செய்யக்கூடிய வேலை எது என்று தேடித்தான் விளையாட்டுகளுக்குச் சத்தம் உருவாக்கும் இந்தப் படிப்பில் வந்து விழுந்தேன். எட்டு மாதம் ஆன்லைன் வகுப்பு. புளியங்கொட்டையைத் தகரத்தில் உருட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது, புட்டுக்குழாய் மூடியைத் தட்டுவது என்று வீட்டிலுள்ள எதையும் நான் சும்மா விடவில்லை. இது கிடைக்காவிட்டால் திரும்பவும் பள்ளிக்கூடம், திரும்பவும் அம்மை தனியாக.

ஹெட்போனை மாட்டி முழுச் சத்தத்தில் வைத்தேன். அப்போதுதான் லேசாக ஒரு 'ஸ்ஸ்' தெரிந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். மைக்குக்குப் புது வயர் வாங்கி வந்தேன். லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்தேன். போகவில்லை. ஃபிரிட்ஜாக இருக்கும் என்று சொன்னதும் அம்மை ஓடிப்போய் அணைத்தாள். மறுபடி போட எங்கள் இருவருக்கும் மறந்துபோய், உள்ளே இருந்த சாளை மீன் முழுக்க நாறிவிட்டது. அதற்கும் அவள்மீதுதான் எரிந்து விழுந்தேன். நீ மூச்சு விடுவதுகூட மைக்கில் விழுகிறது என்றேன். அவள் முற்றத்து வெயிலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தலைசுற்றும் மனுஷியை வெயிலில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே புளியங்கொட்டை உருட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் கூப்பிட்டான். நான் படபடவென்று என் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் இடையில் நிறுத்தினான்.

"ஏட்டி, கடலுக்க எரச்சல்ல ஒண்ணும் கேக்கல்ல. உள்ள போயி கதவ அடச்சிட்டுப் பேசு."

நான் உள்ளேதான் இருந்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, மேலே கம்பளியும் தொங்கவிட்டிருந்தேன். தென்னந்தோப்பைத் தாண்டினால் கடற்கரை. ஆடி மாதம், கடல் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பிறந்த நாள் முதல் காதில் விழும் சத்தம் என்பதால் அதைத்தான் நான் அமைதி என்று நினைத்திருக்கிறேன். எட்டு மாதமும் காதைத் தீட்டியவளுக்கு இது தெரியவில்லை. பாலைவனத்தில் இருப்பவன் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்மையைப் பக்கத்து வீட்டு அக்காளிடம் விட்டேன். இன்று ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சாமான்களைச் சாக்கில் கட்டிக் கருங்கலுக்கு பஸ் ஏறினேன். அங்கே சித்தி வீடு சந்தையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. நெல் வைக்கும் அறையில் மைக்கை வைத்து ஹெட்போனை மாட்டினால் ஒன்றுமே இல்லை. மைக் செத்துவிட்டதோ என்று பயந்து விரலால் தட்டிப் பார்த்தேன். பதினான்கையும் முதலிலிருந்து பதிவு செய்தேன். பன்னிரண்டு மணிக்கு அக்காளுக்குப் போன் போட்டேன்; அம்மை சாப்பிட்டுவிட்டாள். இரண்டரை மணிக்குப் போட்டபோது அக்காள் எடுக்கவில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பதிவுகளை வெட்டி ஒட்டினேன். மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தேன் என்றாள். நாலே முக்காலுக்கு அனுப்பி முடித்தேன்.

ஆறு மணிக்குச் சென்னைப் பெண் கூப்பிட்டார். எடுத்துக்கொண்டோம் என்றார். இனி வாரம் முழுக்கப் புதுப்புதுச் சத்தங்கள் தேவைப்படும், எல்லாம் இதே சுத்தத்தில் இருக்க வேண்டும், எந்த அறையில் பதிவு செய்தீர்களோ அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று கத்தினேன்.

அவன் சந்தோஷப்படும் முன்பே கேட்டான். "நீ எங்க நிக்க? வீட்டுல இல்லியா? கடலுக்க எரச்சலக் காணல்லியே."

கருங்கலில், சித்தி வீட்டில் என்றேன். இனி தினமும் இங்கே வந்துதான் செய்ய வேண்டும், பகல் முழுக்க இங்கேதான் என்று அதே வேகத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

அவன் மறுபடி இடையில் நிறுத்தினான்.

"அப்பம் பகல்ல அம்மைக்க கூட ஆரு இருப்பா?" என்றான்.