தோய்க்காத சேர்ட்

நீல ஏரோகிராம் கடிதமொன்றின் நகல் என் மேசை இழுப்பறையில் இன்னமும் கிடக்கிறது. ஏழாவது வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. மொழிபெயர்க்கும்போது விட்டுவிட வேண்டிய வரிகளுக்கு நான் வைத்த அடையாளம் அது.

இரண்டாயிரங்களின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்த நகரின் வில்லரேப் பகுதியில், ஒரு சட்டத்தரணியிடம் தமிழ்க் கடிதங்களைப் பிரெஞ்சில் பெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கலியாணமாகாதவள், வெட்கத்துக்குக் குறைவில்லை. யுத்தநிறுத்தக் காலத்தில் யாழ்ப்பாணம் போய்த் தாலி கட்டிவிட்டு மூன்று கிழமையில் திரும்பிய அண்ணை ஒருவர், மனைவியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருந்தார். விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று குடிவரவு அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுச் சபைக்குக் காட்ட, மனைவியின் கடிதங்களைப் பிஸ்கற் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். "உங்கடை சேர்ட்டை நான் இன்னும் தோய்க்கேல்லை. மணம் போயிடும்" என்று நீல ஏரோகிராம் ஒன்றின் ஏழாவது வரியில் எழுதியிருந்தாள். புருஷன் பெண்சாதி அந்தரங்கம் வெள்ளைக்காரருக்கு எதற்கு என்று ஒருவரையும் கேளாமல் நானே தீர்மானித்தேன். மழை, மாமாவின் வருத்தம், கோயில் திருவிழா எல்லாவற்றையும் சுத்தமாகப் பெயர்த்துக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

சபையின் முடிவை அவருக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். கடிதங்களில் கணவன் மனைவிக்குரிய அன்பு தெரியவில்லையாம். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"சேர்ட்டைப் பற்றி எழுதியிருந்தவ எல்லே?"

"அதை நான் பெயர்க்கேல்லை, அண்ணை."

பிஸ்கற் பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்கள் குமர்ப்பிள்ளை. கேட்டிருந்தாலும் நான் விடச்சொல்லித்தான் சொல்லியிருப்பன்" என்றார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சட்டத்தரணி நீதிமன்றத்துக்குப் போனார். விட்ட வரிகளைப் பெயர்க்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நீதிபதி அவற்றை ஏற்கவில்லை. தன் முன்னால் இருந்த சான்றுகளைச் சபை ஒழுங்காகப் பார்த்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வி. பிந்தி வந்த காகிதத்துக்கு இடமில்லை. சபை ஒழுங்காகத்தான் பார்த்திருந்தது. பார்க்கக் கொடுக்காதவள் நான்.

பெண்வீட்டார் இரண்டு வருடம் பொறுத்தார்கள். பிறகு விவாகரத்துப் பத்திரங்களோடு வைக்க, அவளுடைய கடைசிக் கடிதத்தை அண்ணை கொண்டுவந்தார்.

"இந்தமுறை ஒண்டும் விடாதேங்கோ, தங்கச்சி."

நாலே வரி. கடைசி வரியில், சேர்ட்டைத் தோய்த்து ஆருக்கோ கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாள். அதையும் பெயர்த்தேன்.

ஒரு சொல்லையும் விடாத ஆள் என்று இன்று சட்டத்தரணிகளிடம் எனக்கு நல்ல பெயர். யாராவது அப்படிப் புகழும் நாளில், வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து அந்தப் பென்சில் புள்ளியைப் பார்ப்பேன்.