சரீப் நாநாட பன்னிரண்டு கேன்

ஜெஸ்மின் ரீச்சரைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில எரிச்சல்தான் வரும். குறிஞ்சாக்கேணிப் பள்ளியில அவவின்ட நாலாம் வகுப்புக்கும் என்ட அஞ்சாம் வகுப்புக்கும் நடுவில ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். நான் பின்னம் படிப்பிக்க, அங்கால போத்தல் உருளும். மனிசிக்குக் கதிரையில அஞ்சு நிமிசம் இருக்க ஏலாது. வெட்டு, ஒட்டு, கழுவு, காயப்போடு. ஒரே அமளி.

போன தவணையில இன்னும் மோசம். மீள்சுழற்சிக் கண்காட்சியில முதலாவதாக வாற வகுப்புக்கு ரெண்டு ஃபேன் என்று வலயக் கல்வி அலுவலகத்தில இருந்து கடிதம் வந்திட்டு. என்ட பக்கம் ஓடு, அவவின்ட பக்கம் தகரக் கூரை. பத்து மணிக்கே பிள்ளையளுக்கு வேர்த்து ஊத்தும். "இந்த முறை ஃபேன் எங்களுக்குத்தான்" என்று வாசல் வாசலா நடந்து போத்தல் சேர்த்தா. முப்பத்தாறு சோடாப் போத்தலைக் கட்டி, வகுப்பு நடுவில ஒரு தோணியே செய்து போட்டா.

கண்காட்சிக்கு முதல் நாள், பூச்சாடி செய்ய வீட்டில கிடக்கிற வெற்றுக் கேன் கொண்டு வரச் சொல்லியிருந்தா. நுஸ்ரத் என்ற பிள்ளை பன்னிரண்டு கேனைக் கயிறோட இழுத்து வந்தாள். ஜெஸ்மினுக்கு வாயெல்லாம் பல்லு. கத்தியை எடுத்துப் பன்னிரண்டையும் பாதியா அறுத்துப் போட்டா. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்தானே!

பதினொரு மணிக்கு நுஸ்ரத்தின்ட வாப்பா சரீப் நாநா வந்து நின்றார். முகம் கறுத்துப் போயிருந்திச்சு.

"ரீச்சர், அது என்ட வலைக்குக் கட்டுற மிதப்பு. ரெண்டு மணிக்குத் தோணி வெளிக்கிடுது. மிதப்பு இல்லாட்டி வலை அடியில தாண்டு போயிரும். இறால் இந்த ஒரு கிழமைதான்." பிறகு மகளைப் பார்த்தார். "உன்ன யாரு எடுக்கச் சொன்ன?"

பிள்ளை அழுதிட்டாள். நான் தட்டிக்கு மேலால எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவளை ஏசாதீங்க நாநா. கேட்டது நான், அறுத்ததும் நான்" என்றா ஜெஸ்மின். பிறகு போத்தல் தோணிக்குக் கிட்டப் போய் முதல் முடிச்சை அவிழ்த்தா.

"அடியே, உனக்கென்ன விசரா? நாளைக்கு வலயத்தில இருந்து பார்க்க வாறாங்க!" என்று நான் கத்தினேன்.

"கத்தாம வந்து மூடியை இறுக்குங்க அம்ரா" என்றா. என்ன செய்ய, போனேன். பிள்ளையளும் சேர்ந்து முப்பத்தாறு போத்தலுக்கும் கழுத்தில கயிறு கட்டினம். சரீப் ஒவ்வொன்றையும் அமத்திப் பார்த்திட்டு, சைக்கிளில ஏத்திக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வலயத்து சேர் புள்ளி போட வந்தார். வகுப்பு நடுவில வெறும் நிலம்; மூலையில, பூச்சாடியாக்க நேரமில்லாமப் போன அறுத்த கேன் மட்டும்.

"ரீச்சர், உங்கட வேலை எங்க?"

"கடலில கிடக்குது சேர்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "பிளாஸ்டிக் போத்தலையா கடலில போட்டீங்க?"

ஜெஸ்மின் வாய் திறக்க முதல் நுஸ்ரத் எழும்பிட்டாள். "ஓம் சேர், முப்பத்தாறு. எங்கட வாப்பாட வலையை அதுதான் தூக்கிப் பிடிக்குது. விடியக்காலையில ரெண்டு கூடை இறால் வந்திச்சு."

சேர் சிரிச்சார். ஆனா கண்காட்சி என்றால் கண்ணால பார்க்க வேணுமாம். அவவின்ட வகுப்புக்குப் புள்ளி சைபர் போட்டிட்டார். ஃபேன், பழைய பேப்பரில பூ ஒட்டி வச்ச என்ட வகுப்புக்குத்தான் வந்திச்சு. அதுக்குக் கீழ இருந்து படிப்பிக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.